முட்டை துரையின் தம்பி ஆடிய ஆட்டம்

கால்பந்து ஆட்டத்தில் ஒரு பக்கம் நாற்பதுக்கு மேல் எடுத்தது, எதிர்ப்பக்கமும் கிட்டத்தட்ட அதே அளவு எடுத்தது என்று யாராவது சொன்னால் நீங்கள் நம்புவீர்களா? நான் நம்பவில்லை. வேலூரில் கல்லூரியில் படித்த காலத்தில் நானே சென்டர் ஹாஃப் ஆடியவன். முழு ஆட்டத்துக்கும் சேர்த்து ஒரு கோல் விழுந்தாலே எங்களுக்குத் தீபாவளி. இரண்டு பக்கமும் ஒன்றும் போடாமல், உடம்பெல்லாம் சேறோடு ஹாஸ்டலுக்குத் திரும்பிய நாட்கள்தான் ஜாஸ்தி. அப்படிப்பட்டவனுக்கு, அறுபதுகளில் ஒரு மார்கழி விடியற்காலையில், என் வீட்டு மாடி அறையில் ரேடியோ கொட்டிய எண்களை நினைத்தால் இன்றைக்கும் தலை சுற்றுகிறது. அந்த ஆட்டத்தில் என்ன நடந்தது என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் அதைக் கேட்டு இன்னொருவனிடம் போய்ச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்திருந்தது.

அந்த இன்னொருவன் அமெரிக்காக்காரன். இருபத்துநாலு வயதுக்கு மேல் இருக்காது. அவனுடைய சர்க்காரும் நம் சர்க்காரும் பேசிவைத்துக்கொண்டு, கிராமத்து ஜனங்களுக்குக் கோழி வளர்க்கக் கற்றுக்கொடுக்கச் சில இளைஞர்களை ஊர் ஊராக அனுப்பியிருந்தார்கள். எங்கள் பக்கத்துக்கு வந்தவன் இவன். கம்பிக்கூண்டு, தீவனம், வெள்ளைக் கோழிக்குஞ்சு என்று சைக்கிளிலேயே வேங்கிக்கால், அடி அண்ணாமலை, கீழ்பென்னாத்தூர் வரைக்கும் சுற்றுவான். எங்கள் தெருவில் பாதிப் பேர் கோயில் காரியம் பார்க்கிறவர்கள். அவர்கள் அவனுக்கு வைத்த பெயர் முட்டை துரை. அவன் கோபித்துக்கொள்ளவில்லை. யாராவது பெயர் கேட்டால் தானே அப்படித்தான் சொல்லிக்கொள்வான்.

மாடி அறையை வாடகைக்குக் கேட்டு அவன் வந்தபோது என் மனைவி போட்ட நிபந்தனை ஒன்றுதான்.

"முட்டை மட்டும் வாசப்படி ஏறக் கூடாது தம்பி. மத்தபடி உங்க இஷ்டம்."

"சரி அக்கா. முட்டை வெளியே, நான் உள்ளே," என்றான். இரண்டு வருஷமும் அந்தச் சொல்லைக் காப்பாற்றினான்.

என்னை அவன் சார் என்று கூப்பிடுவான். நான் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர். என் ஆங்கிலத்தைப் பற்றி எனக்கு அப்போது கொஞ்சம் கர்வம் உண்டு. ஆனால் துரை பேசும் ஆங்கிலம் எனக்குப் பாதிதான் புரியும். வார்த்தைகளை மென்று, பாதியை முழுங்கிவிட்டு மீதியைத்தான் வெளியே விடுவான். புரியவில்லை என்று அவனிடம் காட்டிக்கொள்ள மனசு வராமல் தலையைத் தலையை ஆட்டிவைப்பேன். அவன் தமிழுக்குத் தாவினால் எனக்குப் பெரிய நிம்மதி.

அந்த வருஷம் மார்கழி பிறப்பதற்கு முன்பு ஒரு சாயங்காலம் அவன் மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்தான். அவனுடைய தம்பி படிக்கும் கல்லூரியின் கால்பந்து டீமைப் பெரிய ஆட்டம் ஒன்றுக்குத் தேர்ந்தெடுத்துவிட்டார்களாம். இங்கிலீஷ் வருஷப்பிறப்பன்று நடக்கும் ஆட்டம். அவர்கள் ஊரில் அதற்குக் கிண்ண ஆட்டம் என்று பெயராம்.

"கிண்ணமா? ஜெயிச்சா கிண்ணம் குடுப்பாங்களா?" என்று என் மனைவி கேட்டாள்.

"இல்லை அக்கா. ஆடுற எடம் கிண்ணம் மாதிரி. ஜனங்க சுத்தி உக்காருவாங்க. நடுவுல, அடியில, ஆட்டம்."

அவள் கொஞ்சம் ஏமாந்துபோனாள். கிண்ணம் கொடுக்காத கிண்ண ஆட்டம் அவளுக்கு ஒப்பவில்லை.

மொட்டை மாடியில் எனக்கு ஆட்டத்தை விளக்கினான். பந்துக்குப் பதில் பழுக்காத பப்பாளிக்காய் ஒன்றைக் கொல்லையிலிருந்து பறித்துக்கொண்டான். பந்து அந்த வடிவம்தானாம். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்து ஓடினான், என்னைத் தோளால் இடித்தான், திரும்பிப் பார்க்காமல் பின்னால் தூக்கிப்போட்டான். காலால் ஒரு தடவைகூட உதைக்கவில்லை. காலுக்கு வேலையே இல்லாத ஆட்டத்துக்குக் கால்பந்து என்று எவன் பெயர் வைத்தான் என்று கேட்க நினைத்து, படித்தவன் அப்படிக் கேட்கலாமா என்று அடக்கிக்கொண்டேன். எதிராளி எல்லைக்குள் பந்தோடு போய்ச் சேர்ந்தால் ஆறு. அதற்குமேல் உதைத்தால் ஒன்று. வேறு விதமாக உதைத்தால் மூன்று. ஏதோ ஒரு சமயத்தில் இரண்டும் உண்டு. அது எப்போது என்று மூன்று தடவை சொன்னான். மூன்று தடவையும் நான் தலையாட்டினேன்.

எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான். இது கால்பந்து இல்லை, சடுகுடு. கோட்டைத் தாண்டி எதிராளி பக்கம் போக வேண்டும். எதிராளிகள் காலைப் பிடிப்பார்கள், இடுப்பைப் பிடிப்பார்கள், மேலே விழுந்து அமுக்குவார்கள். மூச்சுப் பிடிக்கிறதற்குப் பதில் பப்பாளி பிடிக்கிறார்கள். இப்படி ஒரு முடிவுக்கு வந்த பிறகு எனக்குத் தைரியம் வந்தது.

துரையின் தம்பிதான் அந்தப் பந்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓடுகிறவன். அதைச் சொல்லும்போது துரையின் குரலில் பெருமை இருந்தது. பப்பாளிக்காயைக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்தான். பிறகு சொன்னான்.

"சார், இந்த ஆட்டத்துல அவன் நல்லா ஓடணும். ரொம்ப நல்லா ஓடணும்."

வியட்நாமில் அப்போது சண்டை நடந்துகொண்டிருந்தது. அவர்கள் நாட்டில் வாலிபர்களைப் பட்டாளத்துக்குக் கட்டாயமாக எடுத்தார்கள். கல்லூரியில் இருக்கிறவரை விட்டுவைப்பார்கள். தம்பியின் படிப்பு அந்த வருஷத்தோடு முடிகிறது. முடிந்தால் அழைப்பு வந்துவிடும். ஆனால் சம்பளத்துக்கு ஆடுகிற பெரிய டீம்கள் இருக்கின்றனவாம். அதில் ஒன்று தம்பியை எடுத்துக்கொண்டால், அவர்களே சொல்லிவைத்து, உள்ளூரிலேயே இருக்கிற ரிசர்வ் படையில் சேர்த்துவிடுவார்கள். கடல் தாண்ட வேண்டியதில்லை. அந்த டீம்காரர்கள் எல்லாரும் கிண்ண ஆட்டத்தைப் பார்க்க வருவார்கள். அவர்கள் கண்ணில் பட வேண்டும். தம்பிக்கு இருக்கிற வழி அது ஒன்றுதான்.

இதை நான் கீழே வந்து சொன்னபோது என் மனைவிக்குப் புரியவே இல்லை. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் ஜில்லாவில் பட்டாளம் என்றால் கௌரவமான உத்தியோகம். வீட்டுக்கு ஒரு ஆள் அனுப்புகிற கிராமங்கள் உண்டு.

"வேலூர்ல ஆளு எடுக்கறாங்கன்னா விடியறதுக்கு முன்னாடியே க்யூவுல போய் நிக்கிறாங்க. மார்பு அகலம் கம்மின்னு திருப்பி அனுப்பினா அழுதுட்டு வரானுங்க. இவரு தம்பிக்கு வீடு தேடி வருதுன்றாரு, வேணாம்ன்றாரே?"

"இது வேற சண்டை" என்றேன். எப்படி வேறு என்று அவள் கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரியாது. நல்லவேளை, கேட்கவில்லை.

ஆட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது துரைக்குக் கண்ணெல்லாம் மஞ்சளாகிவிட்டது. காமாலை. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நடந்தால் தலை சுற்றி விழுந்தான். டாக்டர் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். என் மனைவி தினமும் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்தனுப்புவாள். டாக்டர் பார்க்காத நேரம் பார்த்து அதை ஊற்றிக்கொடுப்பேன். நர்ஸம்மா ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்ப்பதுபோல நின்றுகொள்வார்.

துரையின் ரேடியோ மாடி அறையில் இருந்தது. பெரிய வால்வு ரேடியோ. மொட்டை மாடியில் இரண்டு மூங்கில் நட்டு ஏரியல் கம்பி கட்டியிருந்தான். அதை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வந்தாலும் பாடாது. கிழக்கே எங்கோ தீவில் இருக்கும் அவர்கள் பட்டாளத்து நிலையம் ஒன்று அந்த ஆட்டத்தை ஒலிபரப்பும். நமக்கு அது விடியற்காலை. துரை என் கையைப் பிடித்துக்கொண்டான். கை அனலாகக் கொதித்தது.

"சார், நீங்க கேளுங்க. கேட்டு வந்து சொல்லுங்க. ஸ்கோர்கூட வேணாம். என் தம்பி பேரை மட்டும் பிடிச்சுக்குங்க. அவனை என்ன சொல்றாங்க, அது போதும்."

என் ஆங்கிலத்தை நம்பிச் சொன்னான். நான் தலையாட்டினேன். அத்தனை நாள் ஆட்டியதற்கு அன்றைக்கு வட்டியும் முதலுமாக மாட்டிக்கொண்டேன்.

ஆட்டத்தன்று விடியற்காலை மனைவி வாசலில் கோலம் போட எழுந்தபோதே நானும் எழுந்து, மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு மாடிக்குப் போனேன். கணக்கு வைக்க ஒரு பிடி புளியங்கொட்டை கொண்டுபோயிருந்தேன். துரையின் தம்பி பக்கத்துக்கு இடது கை ஓரம், எதிராளிக்கு வலது கை ஓரம் என்று தரையில் இரண்டு குவியல். துரை முள்ளை எங்கே நிறுத்த வேண்டும் என்று பேப்பர் துண்டு ஒட்டி அடையாளம் வைத்திருந்தான். திருப்பினேன். கொஞ்ச நேரம் கரகரப்பு. பிறகு திடீரென்று, பக்கத்து அறையில் நடப்பதுபோல, லட்சம் பேர் கத்துகிற சத்தம்.

வர்ணனையாளர் பேசிய வேகத்தைச் சொல்ல முடியாது. முதலும் பத்தும் என்றார். சரி, ஒருவருக்கு ஒன்று, இன்னொருவருக்குப் பத்து என்று கொட்டைகளைத் தள்ளினேன். அடுத்த நிமிஷம் இரண்டும் எட்டும் என்றார். பத்து எப்படி எட்டாகும்? கொட்டையைத் திருப்பி எடுத்தேன். பிறகு மூன்றும் மூன்றும் என்றார். எடுத்த கோலைத் திருப்பிக் கொடுக்கிற ஆட்டம் உலகத்தில் உண்டா? இடது பக்கத்தில் சேர்த்து, வலது பக்கத்தில் குறைத்து, நான் திருதிருவென்று விழித்துக்கொண்டிருக்கும்போதே கூட்டம் ஹோ என்று கத்தியது. இருபத்தொன்று என்றார். அது எங்கிருந்து வந்தது என்று அந்த அண்ணாமலைக்குத்தான் வெளிச்சம்.

என் மனைவி காபியோடு மேலே வந்தாள். தரையைப் பார்த்தாள்.

"என்னாங்க இது, பல்லாங்குழியா?"

"பேசாம இரு. தம்பி பேர் வரும்."

வந்தது. நிறைய வந்தது. அந்தக் குடும்பப் பெயரை நான் துரையின் தபால்களில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவை அதைக் கேட்கும்போதும் எனக்கு மெய் சிலிர்த்தது. பெயர் வரும், வர்ணனையாளர் குரல் ஏறிக்கொண்டே போகும், கூட்டம் கத்தும், ஒரு மேளம் முழங்கும். புளியங்கொட்டைகளை விட்டுவிட்டேன். அதற்குள் இரண்டு பக்கமும் முப்பதைத் தொட்டுவிட்டார்கள். ஏதோ ஒன்று பெரிதாக நடக்கிறது, அதில் துரையின் தம்பி நடுவில் நிற்கிறான் என்பது மட்டும் புரிந்தது. நான் ஒருவன் அந்த அறையில் உட்கார்ந்துகொண்டு, முகம் தெரியாத அந்தப் பையனுக்காக, "ஓடுடா, ஓடுடா" என்று கத்தினேன். தெருவில் யாராவது கேட்டிருந்தால் வாத்தியாருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அந்த நேரம் பார்த்துத் தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டார்கள். அது முடிவதற்குள் பஜனை கோஷ்டி ஜால்ராவோடு எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. வீட்டுக்காரர் போய்த் தீபம் காட்டி, பழம் கொடுத்து அனுப்ப வேண்டும். மனைவியையே போகச் சொல்லிவிட்டு, ரேடியோவின் வலைத்துணியில் காதை ஒட்டவைத்துக்கொண்டேன்.

துரையின் தம்பி பெயர் மறுபடி வந்தது. குரல் ஏறியது. கூட்டம் கத்தியது. கத்திக்கொண்டிருக்கும்போதே யாரோ வாயைப் பொத்தியதுபோல சத்தம் நின்றுவிட்டது.

ரேடியோதான் போய்விட்டது என்று அதன் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினேன். ரேடியோ போகவில்லை. வர்ணனையாளர் பேசிக்கொண்டுதான் இருந்தார், ஆனால் மெதுவாக. கீழே ஜால்ரா சத்தத்தில் ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. துரையின் தம்பி பெயர் மட்டும் இரண்டு தடவை காதில் விழுந்தது. பிறகு கைதட்டல். முதலில் ஒரு மூலையில் தொடங்கியது. அப்படியே பரவி, அத்தனை ஜனமும் கை தட்டியது. கத்தல் இல்லை, விசில் இல்லை, மேளம் இல்லை. மழை பெய்கிற மாதிரி, நிதானமாக, நீளமாக, கைதட்டல் மட்டும்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நம் ஊரில் கை தட்டினால் என்ன அர்த்தம்? பள்ளி ஆண்டு விழாவில் பரிசு வாங்குகிறவனுக்குக் கை தட்டுவோம். மேடையில் மாலை போட்டால் தட்டுவோம். வேறு எதற்குத் தட்டுவோம்? சடுகுடுவில் எவனாவது அடிபட்டு விழுந்தால் யாராவது கையா தட்டுகிறார்கள்? அத்தனை பேரும் மைதானத்துக்குள் ஓடி, விழுந்தவனுக்குக் காற்று வராமல் சுற்றி நின்றுகொண்டு, ஒருவன் சோடா என்பான், ஒருவன் காலைப் பிடித்து இழு என்பான், ஒருவன் இழுக்காதே என்பான். கை தட்டினால் அவனுக்கு அங்கேயே உதை விழும். ஆகவே எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஏதோ செயற்கரிய காரியம் செய்துவிட்டான், ஊரே எழுந்து நின்று மரியாதை செய்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவன் பெயர் வரவே இல்லை. அதற்கும் நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மாலை போட்டு உட்கார வைத்துவிட்டார்கள், இனி மற்றவர்கள் ஆடட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஒரு பக்கம் நாற்பதைத் தாண்டியது. இன்னொரு பக்கம் அதை எட்டிப்பிடிக்கப் பார்த்தது. யார் எந்தப் பக்கம் என்பது அப்போது எனக்குக் கலங்கிப்போயிருந்தது. மேளங்கள் முழங்கின, ஆட்டம் முடிந்தது. வெளியே நன்றாக விடிந்திருந்தது.

முகம் கழுவிக்கொண்டு, மோர்ப் பாத்திரத்தோடு ஆஸ்பத்திரிக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். துரை தலையணையை முதுகுக்கு வைத்து உட்கார்ந்திருந்தான். இரவெல்லாம் தூங்கியிருக்க மாட்டான் போலிருந்தது.

"ஜெயிச்சாச்சு!" என்றேன். "நாற்பதுக்கு மேல!"

"தம்பி?"

"உங்க தம்பிதான் எல்லாம். பேர் வந்துகிட்டே இருந்தது. கடைசியில் அத்தனை ஜனமும் சேர்ந்து உங்க தம்பிக்குக் கை தட்டினாங்க. எவ்வளவு நேரம் தெரியுமா? எனக்கே அழுகை வந்துட்டுது."

அவன் முகத்தில் சிரிப்பு வருவதைப் பார்க்கக் காத்திருந்தேன். வரவில்லை. அந்த மஞ்சள் கண்ணால் என்னையே பார்த்தான்.

"கத்தினாங்களா சார், கை தட்டினாங்களா?"

"கை தட்டினாங்க."

"அதுக்கு முன்னாடி?"

"முன்னாடி சத்தம் நின்னு போச்சு. ரேடியோ கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன்."

"எப்படித் தட்டினாங்க? தட்டிக் காட்டுங்க."

நான் தட்டிக் காட்டினேன். நிதானமாக, ஒரே சீராக. வார்டில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். துரை என் இரண்டு கையையும் பிடித்து நிறுத்தினான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

நான் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றேன். சுவரைப் பார்த்தபடியே, ஆங்கிலத்தில், எனக்கும் புரியும்படி ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான். அவர்கள் ஊரில் ஆடுகிறவன் அடிபட்டு விழுந்தால் கூட்டம் வாயை மூடிக்கொள்ளும். அவனை எழுப்பியோ தூக்கியோ வெளியே கொண்டுபோகும்போது எல்லாரும் கை தட்டுவார்கள். நாங்கள் இருக்கிறோம், பிழைத்து எழுந்து வா என்று அதற்கு அர்த்தம். அதற்குப் பிறகு பெயர் வந்ததா என்று கேட்டான். வரவில்லை என்றேன். நடந்து போனானா, தூக்கிக்கொண்டு போனார்களா என்று கேட்டான். பஜனை கோஷ்டி வந்திருந்தது என்றேன்.

"கழுத்தா சார், காலா?" என்றான். எனக்குத் தெரியவில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என் மேல் கோபம், ஜால்ரா மேல் கோபம், ஒரு பையனுடைய எலும்பு முறிந்ததற்குக் கை தட்டுகிற அந்த ஜனத்தின் மேல் கோபம். நல்ல சேதி என்று நினைத்து, இழவுச் சேதியை வாயெல்லாம் பல்லாகச் சொல்லிவிட்டேனே! நேராகத் தபாலாபீசுக்குப் போய், சென்னையில் அவனுடைய மேலதிகாரிக்கு டிரங்கால் போட்டேன். தொண்டை கிழியக் கத்தி விஷயத்தைச் சொன்னேன். விசாரித்துச் சொல்கிறேன் என்றார்.

அடுத்து வந்த நாட்களில் துரை சாப்பிடவில்லை. மோரைக்கூடத் தொடவில்லை. பந்தடித்துப் பிழைக்கிற வழி போய்விட்டது, உயிர் இருக்கிறதோ இல்லையோ, இருந்தால் பட்டாளத்துக்குப் போகிறது நிச்சயம் என்று அவன் கணக்குப் போட்டுவிட்டான் என்று நினைத்தேன். என் மனைவி மலையைப் பார்த்து வேண்டிக்கொண்டாள். அவள் வேண்டிக்கொண்டது என் காதில் விழுந்தது. "அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் ஆவக் கூடாது, எழுந்து பழையபடி ஓடணும்" என்றாள்.

பொங்கல் முடிந்த கையோடு மேலதிகாரி ஜீப்பில் வந்தார். தலை நரைத்த அமெரிக்கர். வார்டுக்குள் வந்து, கட்டிலில் உட்கார்ந்து, துரையின் தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னார். முழங்கால். உள்ளே நரம்பெல்லாம் அறுந்துவிட்டது. ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் இனிப் பந்தாட்டம் கிடையாது. ஆட்டத்தில் அவர்கள் பக்கம் மூன்று புள்ளியில் தோற்றும் போயிருந்தது. நான் அதைக்கூடத் தப்பாகத்தான் சொல்லியிருக்கிறேன்.

"பட்டாளத்து டாக்டர்?" என்று துரை கேட்டான்.

"இந்தக் காலோடு எடுக்க மாட்டார்கள்" என்றார் அவர்.

துரை அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். சொன்னார். அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே அழுதான். அழுதுகொண்டே என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். துக்கம் கேட்க வந்தவன்போல முகத்தை வைத்துக்கொள்வதா, கல்யாணத்துக்கு வந்தவன்போல வைத்துக்கொள்வதா என்று தெரியாமல் நான் தவித்தேன். போகும்போது மேலதிகாரி இன்னொன்றும் சொன்னார். நல்ல டாக்டர் கையில் இருக்கிறான், கால் நன்றாகத் தேறிவிட்டால் பட்டாளத்தில் மறுபடி கூப்பிட்டுச் சோதித்துப் பார்க்கவும் செய்வார்கள் என்றார். துரையின் சிரிப்பு அந்த இடத்தில் நின்றது.

வீட்டுக்கு வந்த பிறகு, கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைக்க வேண்டும் என்று துரை சொன்னான். எங்கள் ஊரில் இருந்து பழகிவிட்டான். என் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"தம்பி காலு ஒடிஞ்சதுக்கு யாராவது தேங்கா ஒடைப்பாங்களா? என்னாங்க இது அநியாயமா இருக்கு?"

சொல்லிவிட்டு அவளே நல்ல தேங்காயாகப் பார்த்து, தட்டிப் பார்த்து, பையில் போட்டுக் கொடுத்தாள்.

பெரிய கோயிலில் கூட்டம் ஜாஸ்தி என்று அடி அண்ணாமலைக் கோயிலுக்குக் குதிரை வண்டியில் கூட்டிப்போனேன். அந்தக் கிராமத்தில் நாலைந்து வீட்டில் அவன் கோழிக்கூண்டு போட்டுக்கொடுத்திருந்தான். வழியில் பெண்கள் ஓடிவந்து உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்கள். கோயிலுக்குள் யாரும் தடுக்கவில்லை என்றாலும், அவனாகவே கொடிமரத்துக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டான். குருக்கள் வெளியே வந்தார். அவருக்கு அவனைத் தெரியும்.

"யார் பேருக்கு அர்ச்சனை?"

துரை தம்பியின் பெயரைச் சொன்னான். குருக்கள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். நாக்கு புரளவில்லை. கோத்திரம் தெரியாதவர்களுக்குச் சிவ கோத்திரம், நட்சத்திரம் தெரியாவிட்டால் பரவாயில்லை என்று அவரே முடித்துக்கொண்டார்.

"என்ன பிரார்த்தனை?"

"தம்பிக்குக் கால் ஒடைஞ்சுபோச்சு சாமி."

"அடடா. கவலைப்படாதீங்க. சீக்கிரம் குணமாகணும்னு வேண்டிக்கிறேன்" என்று தட்டை வாங்கிக்கொண்டு திரும்பினார்.

"வேணாம் சாமி!" என்று துரை கத்திவிட்டான். பிராகாரத்தில் சுற்றிக்கொண்டிருந்த இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். குருக்கள் தட்டோடு அப்படியே நின்றார். அவனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். தமிழில் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டான், வாத்தியார் திருத்துவார் என்று எதிர்பார்த்தார்.

அத்தனை வருஷம் அந்த ஊரில் இருந்திருக்கிறேன். குணமாகக் கூடாது என்று யாரும் அர்ச்சனை செய்து நான் பார்த்ததில்லை. அப்படிக் கேட்டால் சுவாமிக்குக் கோபம் வராதா? வலியோடு படுத்திருக்கும் பையன் நொண்டியாகவே இருக்கட்டும் என்று என் வாயால் எப்படிச் சொல்வேன்? குணமாகட்டும் என்று சொன்னால், அந்தக் காலோடு அவனை எங்கே அனுப்புகிறேன்? துரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். காமாலை இன்னும் முழுசாக இறங்காத கண்.

"மெதுவா குணமாகணும்னு வேண்டிக்குங்க சாமி," என்றேன்.

"மெதுவாவா?"

"ஆமா. அவசரம் வேணாம்."

குருக்கள் நாற்பது வருஷமாக அர்ச்சனை செய்கிறவர். அவர் என்னைப் பார்த்த பார்வையில், வாத்தியாரும் கெட்டுப்போனாரே என்று இருந்தது. ஆனாலும் சுவாமியிடம் எதையும் அரைகுறையாகச் சொல்கிற மனுஷர் இல்லை அவர்.

"எவ்வளவு மெதுவா?" என்று கேட்டார்.

துரை கை கூப்பினான்.

"சண்டை முடியற வரைக்கும் சாமி," என்றான்.

குருக்கள் தம்பியின் பெயரை இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு தட்டில் இருந்த தேங்காயை நேராக வைத்துக்கொண்டு உள்ளே போனார்.